வயலினுக்குப் பத்தியம்

எங்கள் வீட்டில் வயலினுக்குப் பத்தியம் இருந்தது. கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, பழைய சோறு ஆகவே ஆகாது. வாசித்து முடித்த கையோடு பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. இதையெல்லாம் எந்த வைத்தியரும் சொல்லவில்லை. அம்மா தானாக வகுத்துக்கொண்டது. எழுபதுகளின் முற்பகுதி அது. கடைகளில் அரிசியும் மாவும் கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றுகொண்டிருந்தோம். இல்லாத கருவாட்டை விலக்கி வைப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

இப்போது பிள்ளைகளை வயலின் வகுப்புக்குக் கூட்டிப்போகிற தாய்மார் அதற்குக் காரணங்கள் சொல்கிறார்கள். கணக்கு வருமாம், ஞாபகசக்தி கூடுமாம், பிள்ளை ஓர் இடத்தில் உட்காரப் பழகுமாம். எல்லாம் உண்மைதான். எனக்கு அதெல்லாம் வந்தது. ஆனாலும் அந்தப் பட்டியலைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயம் இருந்தது. அப்பா, அம்மா, நான், தம்பி. ஒரே அறையாக ஒரு காம்பரா, அதற்கு முன்னால் திண்ணை போல ஓர் இஸ்தோப்பு. பத்து வயதில் விறகுக் கட்டோடு மதகிலிருந்து விழுந்து இடது முழங்கையை முறித்துக்கொண்டேன். லயத்தில் முறிவுக்குக் கட்டத் தெரிந்தவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நன்றாகக் கட்ட வேண்டும் என்ற அக்கறையில் இறுக்கமாகக் கட்டிவிட்டார். அவிழ்த்தபோது எலும்பு கூடியிருந்தது. விரல்கள் மட்டும் மடங்கவில்லை. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் உணர்ச்சியே இல்லை. அம்மா ஊசியால் குத்திப் பார்த்தாள். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. அம்மாதான் அழுதாள்.

விரல்தான் மரத்துப்போய்விட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் சேர்ந்துதான் மரத்துப்போயிருந்தேன். பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டால் போகமாட்டேன். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் எழுந்து சும்மா நிற்பேன். சோறு போட்டால் தின்றேன், போடாவிட்டால் கேட்கவில்லை. துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. துக்கப்படுவதற்கும் உள்ளே ஏதாவது அசைய வேண்டுமே.

அம்மாவுக்கு வேறு பயம். கொழுந்து பறிக்க ரெண்டு கையும் வேண்டும். ரெண்டு கையும் ஓடாத பெண்ணுக்குத் தோட்டத்தில் பேர் பதியமாட்டார்கள். பேர் இல்லாதவளுக்கு வேலையும் இல்லை, கல்யாணம் ஆகாவிட்டால் இருக்க ஒரு காம்பராவும் இல்லை. "நான் கண்ண மூடிட்டா இவ யாரு வீட்டு அடுப்படியில போயி நிப்பா?" என்று என் முன்னாலேயே அப்பாவிடம் கேட்பாள். அப்பா பீடியைப் பற்றவைப்பார்.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் என் விரல்களை மடக்கிப் பார்த்து, சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி ஊழியர் அதைத் தமிழில் சொன்னார்.

"விரலுக்கு வேலை குடுக்கணும். ஒவ்வொண்ணா மடக்கி நீட்டணும். காலையில ஒருதரம், சாயந்திரம் ஒருதரம், சாப்பாட்டுக்குப் பொறகு."

சாப்பாட்டுக்குப் பிறகு என்று டாக்டர் சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நாளெல்லாம் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்கிற மனிதர், பழக்கதோஷத்தில் சேர்த்துக்கொண்டிருப்பார். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தோட்டத்துக் கிளாக்கர் வீட்டுக்கு மா இடிக்கப் போவாள். கிளாக்கரின் மகள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். தெமோதரையிலிருந்து ரயிலில் பதுளைக்குப் போய்ப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் வயலினும் பழகினாள். வளர்ந்துவிட்டதால் அவளுக்குப் பெரிய வயலின் வாங்கியிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான பழையது அலுமாரிக்கு மேலே சும்மா கிடந்தது. அம்மா சொன்ன கதையைக் கேட்டுவிட்டுக் கிளாக்கரின் மனைவி அதை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

"இடக்கை விரல் ஒவ்வொண்ணாத்தான் இதுல வேலை செய்யணும். கொண்டுபோயி வச்சுக்க. சனிக்கிழமையில புள்ளைய அனுப்பு, மக சொல்லிக் குடுப்பா."

மகளிடம் யாரும் கேட்கவில்லை. அந்தக் கோபத்தை அவள் என்மேல் காட்டினாள். முதல் சனிக்கிழமை வீட்டின் பின்பக்கம் என்னை நிறுத்தி, வயலினைக் கழுத்தில் வைத்துவிட்டு, "கீழ போட்டியோ, தொலைஞ்ச" என்றாள். இடது கையால் அதைத் தாங்க முடியவில்லை. அவள் என்னைத் தோளைப் பிடித்து நகர்த்தி, வயலினின் தலை சுவரில் முட்டும்படி நிற்க வைத்தாள். சுவர் பிடித்துக்கொண்டது. நான் வில்லை இழுத்தேன். அன்றைக்கு வந்த சத்தத்தை வாசிப்பு என்று சொல்ல முடியாது. கிளாக்கர் வீட்டு நாய் எழுந்து தேயிலைக்குள் போய்விட்டது.

வீட்டிலும் அப்படித்தான் சுவரில் முட்டுக்கொடுத்து வாசித்தேன். வயலினின் தலையில் எப்போதும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். காலையில் ரொட்டி தின்ற பிறகு ஒருதரம், சாயந்திரம் கிழங்கு தின்ற பிறகு ஒருதரம். அம்மா காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் அவசரத்திலும் "மருந்தெடுத்தியாடி?" என்று கேட்டுவிட்டுத்தான் கூடையைத் தலையில் மாட்டுவாள். வயலினை வைக்கும் இடம் சுவர்த் தட்டில், தைலப் போத்தலுக்கும் கசாயச் சட்டிக்கும் பக்கத்தில். தம்பி தொட்டால் அடி விழும். ஆரோக்கியமான பிள்ளை மருந்தைத் தொட்டால் அவனுக்கு என்ன ஆகுமோ என்று அம்மாவுக்குப் பயம்.

முதல் ஆறு மாதமும் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஆள்காட்டி விரல் ஒன்று, நடுவிரல் இரண்டு, மோதிர விரல் மூன்று, சுண்டு விரல் நாலு. சொன்னதைச் செய்தேன். மூன்றும் நாலும் தந்தியைத் தொட்டனவா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ஒரு நாள் காலை மழை பெய்துகொண்டிருந்தது. சுவரைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தபோது மோதிர விரலில் சுருக்கென்று வலித்தது. நிறுத்திவிட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் தந்தியின் தடம் ஒரு கோடாகப் பதிந்திருந்தது. திரும்ப அழுத்தினேன். திரும்பவும் வலித்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் வரிசையாக வந்தது. எண்ணி எண்ணி வாசித்ததில் பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கு புரிந்தது. அரை, கால், அரைக்கால் எல்லாம் வில்லின் நீளமாகக் கண்ணில் தெரிந்தன. தகரத்தில் விழுகிற மழையில் இரண்டு மூன்று சுதி இருப்பது கேட்டது. அம்மா படியேறி வரும் காலடிச் சத்தத்தை வைத்து மலையில் கங்காணி ஏசினாரா இல்லையா என்று சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் பதில் சொன்னேன். "புள்ளைக்கு வாய் தொறந்திருச்சே" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். கிளாக்கரின் மகள்கூட என்னை ஏசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் நன்மைகள். நான் மறுக்கவில்லை. ஆனால் இவற்றுக்காக நான் வயலினை எடுக்கவில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். காலையில் கண் விழித்ததும் அது தட்டில் இருக்கிறதா என்று பார்ப்பேன். உலகத்தில் எனக்கென்று வேண்டியிருந்த முதல் சாமான் அதுதான்.

அங்கேதான் சிக்கல் வந்தது. எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நோய் தீர்ந்த பிறகு அந்த மருந்தை வீட்டில் வைத்திருக்கமாட்டார்கள். வைத்திருந்தால் விட்டுப்போன நோய் அதைத் தேடிக்கொண்டு திரும்பி வரும் என்று நம்பினார்கள். மிச்சத்தை அதே கஷ்டத்தில் இருக்கிற இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். தம்பிக்கு மஞ்சள் காமாலை தீர்ந்தபோது வேர், சட்டி, அவன் குடித்த கோப்பை எல்லாம் மூன்றாவது காம்பராவுக்குப் போயின. ஒரு நாள் கிழங்கு உரித்துக்கொண்டே அம்மா சொன்னாள்:

"ஒனக்கு நல்லபடியா குணமாயிருச்சுன்னா இதை மடுல்சீமை அத்தைக்குக் குடுத்துறணும். பாவம், அவ மகளுக்கு ஒரு காலு வெளங்கலை."

அத்தை என்றால் அப்பாவின் சித்தப்பா மகள். அவளுடைய ஐந்து வயது மகளுக்குக் காய்ச்சலில் கால் சூம்பிவிட்டது.

"காலுக்கு எப்புடிம்மா வயலினு?" என்றேன்.

"கைக்குக் கேக்குற மருந்து காலுக்குக் கேக்காதாக்கும்?" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து என் கை குணமாகவில்லை. வாசிக்கும்போது மட்டும் நாலு விரலும் ஓடும். யாரும் பார்க்கும் நேரத்தில் கை மரக்கட்டையாகத் தொங்கும். சோறு பிசையும்போது தட்டைப் பிடிக்கமாட்டேன். தலை பின்னச் சொல்லி அம்மாவிடம் போய் உட்காருவேன். தந்தியில் விரல் வைப்பது கை குணமாக மட்டும்தான் என்று அம்மா நினைத்தாள், வாசிப்பதற்கும் எல்லா விரலும் வேண்டும் என்பது லயத்தில் யாருக்கும் தெரியாது. சத்தம் வில்லிலிருந்து வருகிறது என்று நினைத்தார்கள். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை தோறும் அம்மா ஒரு சோதனை வைப்பாள். செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து என் இடது கையில் கொடுப்பாள். நான் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு நழுவவிடுவேன். செம்பு தரையில் விழுந்து உருளும். அம்மா துணியை எடுத்துத் தண்ணீரைத் துடைப்பாள். ஒவ்வொரு வாரமும் செம்பில் ஒரு நெளிவு கூடியது. சில மாதம் போன பிறகு அம்மா செவ்வாயும் வெள்ளியும் ஒருபொழுது இருக்க ஆரம்பித்தாள். தின்னவே இல்லாத காலத்தில் ஒருபொழுது. காலையில் வெறும் தேயிலைச் சாயத் தண்ணியைக் குடித்துவிட்டு மலை ஏறினாள். உதடு வெடித்துப்போயிருந்தது. அது என்னால்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செம்பைப் போட்டேன். மனம் அடித்துக்கொண்டது என்று எழுதினால் பொய். வயலின் தட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

கிளாக்கரின் மகள்தான் காரியத்தைக் கெடுத்தாள். கெடுக்க நினைத்துச் செய்யவில்லை. அவள் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. அன்றைக்கு மா இடிக்கப் போன அம்மாவிடம் அவளாகவே வந்து சொல்லியிருக்கிறாள்.

"ஒங்க மக நாலாவது விரலைக் கூட எவ்வளவு அழகாப் போடுறா தெரியுமா? எனக்கே அப்படி விழாது."

அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறு வெள்ளிக்கிழமை வரை வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மலையிலிருந்து வந்து, காலைக் கழுவி, செம்பில் தண்ணீர் மொண்டு என் இடது கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்தாள். நான் அவள் உதட்டைப் பார்த்தேன். நழுவவிட இன்னும் நேரம் இருந்தது. நான் விடவில்லை. பிடித்துக்கொண்டே நின்றேன். கை வலித்தது, அப்போதும் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அம்மா அதை வாங்கி அந்தத் தண்ணீரைக் குடித்தாள்.

"ஏன்டி சொல்லலை?" என்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். கட்டிக்கொண்டு அழுதாள். லயமே வந்து எட்டிப் பார்த்தது.

அடுத்த வாரம் கோயிலில் பொங்கல் வைத்தாள். அதற்கு மடுல்சீமையிலிருந்து அத்தையும் வந்திருந்தாள். திரும்பிப் போகும்போது வயலினைச் சீலைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தாள் அம்மா. காலையில், சாயந்திரம், சாப்பாட்டுக்குப் பிறகு, கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என்று எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினாள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "அது மருந்து இல்லம்மா" என்றேன்.

"பின்ன என்னடி? கை நல்லாயிருச்சுல்ல?"

  அம்மா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஒரு சாமானை அதனால் கிடைக்கிற நன்மைக்காக வைத்திருந்தால், நன்மை கிடைத்ததும் கொடுத்துவிட வேண்டியதுதான். நன்மைக்கு அப்பால் எனக்கு அதில் என்ன இருந்தது என்று சொல்ல என்னிடம் இன்றைக்கும் ஒரு சொல்லும் இல்லை. அத்தை மண்மேட்டு இறக்கத்தில் போய் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய் அம்மா சொன்னபடி பொங்கல் பானையைக் கழுவினேன்.

பதினாலு வயதில் எனக்குப் பேர் பதிந்தார்கள். மட்டக் கம்பைத் தேயிலைமேல் வைத்து, அதற்கு மேலே நிற்கிற கொழுந்தை ரெண்டு கையாலும் கிள்ளித் தோளுக்குப் பின்னால் கூடையில் போட வேண்டும். விரல்கள் தாமாக ஓடின. முதல் மாதத்திலேயே பழைய ஆட்களோடு நிறை சமமாக வந்தது. "இந்தப் புள்ளைக்கு வெரலா மிசினா?" என்றார் கங்காணி. அம்மா பக்கத்து நிரையிலிருந்து நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. விரல் நுனியில் தந்தியால் காய்ப்பு ஏறியிருந்த இடத்தில் கொழுந்துக் கறை ஏறியது. எனக்கு நல்லதும் தோன்றவில்லை, கெட்டதும் தோன்றவில்லை. பெரட்டுக்குப் போனேன், வந்தேன், தின்றேன், தூங்கினேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். மடுல்சீமை ரோட்டில் பஸ் ஓடுகிறதோ இல்லையோ என்ற காலம் அது. இடுப்பில் மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளைக்கு ஏழு வயதிருக்கும், இடுப்பில் வைக்கிற வயது இல்லை. சூம்பிய கால் அத்தையின் சேலையோடு தொங்கியது. பிள்ளையின் கையில் வயலின். அதை யாரும் வாங்கிவிடாதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தது.

இஸ்தோப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அத்தை சொன்னாள்:

"மதினி, ஒரு நாள் விடலை. நீங்க சொன்ன பத்தியமெல்லாம் பாத்துட்டேன். காலு அப்புடியேதான் இருக்கு. இந்த மருந்து இவளுக்குப் பிடிக்கலை போல. அதான், குடுத்துட்டுப் போயிருவோம்னு வந்தேன்."

"சத்தம் வருதா?" என்றேன்.

"என்னமோ இழுக்குறா. சொல்லித் தர யாரு இருக்கா? லயமே சிரிக்குது. ஆனா நாங்க மலைக்குப் போயிட்டா முன்னயெல்லாம் ஒரு மூலையில ஒக்காந்திருப்பா, வாயே தொறக்கமாட்டா. இப்ப எல்லாப் புள்ளைகளும் இவகிட்ட வந்து ஒக்காருதுக. வாய் ஓயாமப் பேசுறா. அது கெடக்கு, காலு நடக்கலையே."

நான் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் இடது கையை எடுத்துப் பார்த்தேன். விடமாட்டேன் என்றது. கெஞ்சித்தான் எடுத்தேன். நாலு விரலின் நுனியும் காய்த்துப்போயிருந்தது. வயலினில் ஒரு தந்தி அறுந்து, அந்த இடத்தில் ஏதோ கம்பியைக் கட்டியிருந்தார்கள். மற்ற மூன்றும் சரியாக இருந்தன. பிள்ளை என் கையைப் பார்த்துவிட்டு, "நீங்களும் வாசிப்பீங்களா?" என்று கேட்டது.

வாசிப்பேன் என்று சொல்லியிருக்கலாம். வயலின் என் மடிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அத்தை அதைத் திருப்பித் தரத்தான் மடுல்சீமையிலிருந்து வந்திருக்கிறாள். எனக்குப் பேர் பதிந்தாயிற்று, கை பிழைத்தாயிற்று, இனி யாரும் மருந்து என்று சொல்லிப் பறிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கலாம். எனக்கு அது வேண்டும் போலிருந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஒன்று வேண்டும் போலிருந்தது. 

 அம்மா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

"அவளுக்குத்தான் தெரியும். அவ கைதான பொழைச்சுச்சு. சொல்லுடி, இன்னும் குடுக்கணுமா, நிப்பாட்டிரலாமா?"

அத்தை என்னைப் பார்த்தாள். பிள்ளையும் பார்த்தது. வயலினை அணைத்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அந்தக் கால் ஒருநாளும் நடக்காது என்று எனக்குத் தெரியும்.

"நிப்பாட்டாதீங்க அத்தை" என்றேன். "காலு நல்லாகுற வரைக்கும் குடுங்க."